டாக்டர் தீரத்தின் தலைமுடி

மலர்வளையம் வந்தபோது, ரத்தக்கொதிப்பு மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று நான் ஒரு பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் பூக்கள் நெருக்கிக் கட்டிய, ஆளுயர வளையம். சாவு வீட்டுக்குப் போவது. தூக்கி வந்தவன் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஒன்ஸா கம்பூதோன்ங்கறவங்க காரியம் இங்கதானுங்களா? மருந்துக்கடைன்னு போட்டிருக்கு, நானும் என்னடா இதுன்னு பாத்தேன்."

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். அங்கேயும் அதே பெயர், அதே முகம். மாத்திரையை வாங்கிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

வளையத்தின் நடுவில் ஒட்டியிருந்த என் பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. எப்படி இருக்கும்? மருந்தாளுநரின் பெயர், படம், உரிம எண், கடையில் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் பலகையாக்கி எல்லார் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது சட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பலகையை மாட்டிய வாரம் அப்பா வேலைத்தளத்திலிருந்து சிமெண்டு காலோடு வந்து அதற்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். இப்போது முன்பின் தெரியாத பெண்கள் வந்து அதே பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் எத்தனை மணிக்கு உள்ளே வருவேன், எத்தனை மணிக்கு வெளியே போவேன் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். என்னை வேட்டையாட வேண்டுமென்றால் யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

எல்லாம் என் இடது மணிக்கட்டில் கிடக்கும் ஒரு நூலால் வந்தது.

அப்பா இந்த வெயில் காலத்தில் போனார். ஈரலில் புற்று. எரித்து முடித்த மறுநாள் அம்மா எங்களை உட்காரவைத்து உயிரைக் கூப்பிட்டுக் கட்டினாள். துக்கத்தில் பயந்து உடம்பை விட்டு ஓடிப்போன உயிர் திரும்பி வரட்டும் என்று மணிக்கட்டில் நூல் கட்டுவது எங்கள் வடகிழக்குத் தாய்லாந்துப் பக்கத்து வழக்கம். எல்லாரும் வெறும் வெள்ளை நூல்தான் கட்டுவார்கள். அம்மா மட்டும் அப்பாவின் கட்டம் போட்ட இடுப்புத்துண்டிலிருந்து சிவப்பு இழைகளை உருவி வெள்ளையோடு சேர்த்து முறுக்கினாள். எனக்கு, தம்பிக்கு, தனக்கு. அது வேறு யாரிடமும் இருக்க முடியாது. அதைக் கத்தரி வைத்து வெட்டக் கூடாது. தானாக நைந்து விழ வேண்டும். இரும்பு பட்டால், கூப்பிட்டு வந்த உயிர் மறுபடி ஓடிவிடும்.

தம்பியின் பெயர் கியத். எங்கள் பேச்சில் அது வயலில் குதிக்கிற சின்னத் தவளை. ஆனால் அந்தப் பெயர் எங்கள் மூன்று பேரோடு நின்றுவிட்டது. ஊர் உலகத்துக்கு அவன் ஸெனித். அதற்கும் மேலே, அவன் டாக்டர் தீரத். ஒரு தொடரில் அவன் டாக்டராக வருகிறான். தாம் என்ற இன்னொரு பையன் அவனுடைய காதலனாக வருகிறான். தொடர் ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேரையும் ஜோடியாகவே வைத்து விற்றார்கள். ஒரே குளிர்பானத்தை இருவரும் குடிப்பார்கள், ஒரே மேடையில் தோளில் சாய்வார்கள். இரண்டு பேரும் நிஜத்திலும் ஒன்றாக வாழ்கிறார்கள் என்று பாதி ரசிகைகள் நம்பினார்கள், மீதிப் பாதி சத்தியம் செய்தார்கள்.

நான் தொடரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல தொடர். கடைசிப் பகுதியில் நானே அழுதேன். அழுதுவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனேன். இந்த ரசிகைகள் கடைசிவரை எழுந்து போகவே இல்லை.

நிறுவனம் தம்பியின் பெயரையும் குடும்பப் பெயரையும் மாற்றியது. அவன் பாங்காக்கில் பிறந்த ஒரே பிள்ளை, அப்பா வெளிநாட்டில் கட்டடக் கலைஞர் என்று எழுதியது. கலவை தூக்கியவரைக் கட்டடக் கலைஞராக்கிவிட்டார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு, "பதவி உயர்வு குடுத்திருக்கானுங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை எரித்த அன்று நடந்ததற்கும் சிரிப்பு வரவில்லை. அப்பாவை எரிக்கிற நாளில் மகன் தலையையும் புருவத்தையும் மழித்து, ஒருநாள் துறவியாகி, சவப்பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். அந்தப் புண்ணியம்தான் அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். தொடரின் இரண்டாம் பாகப் படப்பிடிப்பு பாதியில் இருந்தது. "தீரத்துக்கு முடி வேணும்" என்றது நிறுவனம். சித்தப்பா மகன் மழித்துக்கொண்டு முன்னால் நடந்தான். கியத் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டத்தோடு பின்னால் வந்தான். ஊரே பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அப்பனுக்குக் கொடுக்க அவனுக்குச் சொந்தமாக ஒரு தலைகூட இல்லை.

நூலைக் கழற்றச் சொன்னபோது மட்டும் முடியாது என்றுவிட்டான்.

ரசிகைகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். தாம் கட்டிவிட்டது என்று முடிவு செய்தார்கள். ஒரு வாரத்தில் இணையத்தில் அதே மாதிரி வெள்ளையும் சிவப்புமாக நூல் விற்பனைக்கு வந்தது, "தீரத் நூல்" என்று. அப்பாவின் துண்டை, வேர்வை துடைத்த துண்டை, ஆயிரம் பெண்கள் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். பிறகு ஒருத்தி என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தாள். பையை நீட்டிய என் கையைப் பார்த்தாள். கடையில் வாங்கிய நூல் இல்லை, அழுக்கேறிய நிஜ நூல். அன்று மாலையே என் கை இணையத்தில் இருந்தது. தீரத்தின் கள்ளக்காதலி. தாமின் வாழ்க்கையைக் கெடுத்தவள்.

அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி, ஊர் எது? தாமின் வீடு தெரிந்தபோது அவன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள். அவன் அம்மா காயப்போட்ட உள்ளாடையைக்கூடப் படம் எடுத்துப் போட்டார்கள். எங்கள் அம்மா தனியாக இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வேலி கிடையாது. முன்வாசலில் கதவு இருக்கிற இடத்தில் ஒரு பழைய துணி தொங்குகிறது. அப்பாவின் நூறாம் நாள் வேறு வருகிறது.

மலர்வளையத்தைக் கடைக்காரி ஜே லிம் காலால் எட்டி உதைத்தாள். அறுபது வயது, சீன வம்சத்தவள் என்பதால் எல்லாருக்கும் ஜே, அதாவது அக்கா. என் இடுப்பு உயரம், வாயைத் திறந்தால் சந்து முழுக்கக் கேட்கும்.

"எந்த நாய் அனுப்புச்சு இதை? என் கடை வாசல்ல சாவுப் பூவா? இருபத்தஞ்சு வருஷமா வயித்துப்போக்கைத் தவிர வேற ஒண்ணும் உள்ள விட்டதில்லை நான்!"

"ஜே, விடுங்க. உள்ள வாங்க."

"நேத்து இருபது பெட்டி நூடுல்ஸ் உன் பேர்ல வந்துச்சு. காசு குடுக்காம அனுப்பினா கொண்டுவந்த பையன் அழறான். முந்தாநாள் போன்ல ஒருத்தி மூச்சு மட்டும் விட்டுட்டு இருக்கா. என்னதான் பண்ணின நீ? நிஜமாவே அந்த டிவிப் பையனோட..."

"இல்ல ஜே."

"இருந்தா மட்டும் என்ன? பையன் நல்லாத்தான் இருக்கான்." அவள் மலர்வளையத்திலிருந்து ஒரு பூவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். "பூ நல்ல பூ. பணக்காரப் பொறுக்கிங்க."

நான் சிரித்தேன்.

மழை பிடித்தது. அப்போதுதான் குடைகளைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த தையல்கடைத் தாழ்வாரத்தில் ஒன்று. பிறகு மூன்று. பிறகு எண்ண மனம் வரவில்லை. எல்லாம் ஒரே நிறம், வெளிர்ப்பச்சை. தீரத்-தாம் ஜோடிக்கு ரசிகைகள் வைத்திருக்கும் நிறம். யாரும் கத்தவில்லை. கோஷம் போடவில்லை. போனைக் கடையை நோக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, ஷட்டரைப் போட்டுட்டுக் கிளம்பு. நேரலையில உன் கடையைக் காட்டறாங்க."

"கிளம்பினா பின்னாடி வருவாங்க. என் அறை வரைக்கும் காட்டிக் குடுக்கவா?"

"நான் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வாயை மூடு. அம்மா வீட்ல கதவே இல்லடா. துணி தொங்குது."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்கு என்ன ஆகும்? இருமல்னு வந்தா மருந்து குடுப்பேன். பொறாமைன்னு வந்தா அதுக்கு மருந்து இல்லைன்னு சொல்லுவேன். போய் நடி, போ."

"அக்கா, விளையாடாத."

"விளையாடலடா. பேசிட்டே இருந்தா பயம் தெரியாதுன்னு பேசறேன்."

அவன் பக்கத்தில் யாரோ, "ஸெனித், முடியைச் சரி பண்ணணும், வாங்க" என்று கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்தது.

மஞ்சள் மழைக்கோட்டுக்காரி சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தேன்.

அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மிகவும் பயம் இவளிடம்தான். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் துப்பாக்கி நீளத்துக்கு ஒரு கேமரா. என் கை இணையத்தில் வருவதற்கு முன்பிருந்தே இவளை நான் பார்த்திருக்கிறேன். மேம்பால ரயிலில் அடுத்த பெட்டியில். சந்து முனையில் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டு. ஒருமுறைகூட என்னைப் படம் எடுத்ததில்லை, அதனாலேயே பயம் கூடியது. தம்பியைப் படம் எடுத்துப் போடும் ரசிகைகளில் பெரிய கை இவள். லட்சக்கணக்கான பேர் இவள் சொல்வதைக் கேட்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இவளுக்கு ரசிகைகள் வைத்த பெயர் பீ ரூங். 'பீ' என்பது எங்கள் பேச்சில் வயதில் மூத்தவரைக் கூப்பிடும் மரியாதைச் சொல்.

உள்ளே வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

"கண்ணுக்குச் சொட்டு மருந்து வேணும்."

எடுத்து வைத்தேன். தற்காப்புக்குக் கத்தரிக்கோல் எங்கே என்று கவுண்டருக்கு அடியில் கை தேடியது.

"இங்க பின்வாசல் இருக்கா?" மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு? அங்கயும் ஆளை நிறுத்தவா?"

"வெளியில இருக்கற சின்னப் பொண்ணுங்க சும்மா நிக்க வரல. சிகப்புப் பை மாட்டினவ உள்ள வரப்போறா. அதுக்கு முன்னாடி நீங்க போயிடுங்க."

"எனக்கு எதுக்கு உதவி பண்றீங்க? நான்தான் உங்க டாக்டரைக் கெடுத்தவளாச்சே."

அவள் கவுண்டரில் குனிந்தாள். "உங்க அப்பாவை எரிச்ச அன்னைக்கு நான் கோயில் மதிலுக்கு வெளியில நின்னேன்."

யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். ஜே லிம் பின்கட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி காரைத் தொடர்ந்து வந்தேன். விடுமுறைக்குத் தாமோட எங்கேயோ போறார்னு நெனச்சேன். வந்து பாத்தா சாவு வீடு. நீங்க ரெண்டு பேரும் பெட்டி மேல விழுந்து அழுதீங்க. எடுத்தேன். நெறைய எடுத்தேன்."

"தெருநாய்கூட சாவு வீட்ல கொஞ்சம் தள்ளித்தான் படுக்கும்."

"ஆமா." அவள் மறுக்கவில்லை. "படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். தீரத் அழுதா அழகா அழுவார். ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வரும். இவருக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. தொப்பியால துடைச்சுக்கிட்டார். இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதேன்னு தோணுச்சு. மூணு வருஷமா பின்னாடியே சுத்தறேன், யாருன்னே தெரியல. கேமராவை மூடிட்டுத் திரும்பிட்டேன். ஒண்ணுகூட வெளியில போடல. அவர் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் அப்புறம் உங்க பின்னாடி வந்தேன்."

"ரொம்பப் பெரிய மனசு. கைதட்டட்டுமா?"

"தட்டாதீங்க."

"இப்போ போடுங்க. அக்கான்னு போடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல?"

"சொன்னா கேப்பாங்க. கேட்டுட்டு, எந்தக் கோயில்னு கேப்பாங்க. படத்துல கோயில் பேர் இருக்கு. நாளைக்கே உங்கம்மா வீட்ல நிப்பாங்க. அது நான் எடுத்துச் சொல்ற விஷயம் இல்ல. உங்க விஷயம்கூட இல்ல. அவரோடது."

இவள் பேசியது சரி என்பதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "அப்புறம் எதுக்குடி நீ இங்க நிக்கற?" என்று கத்திவிட்டேன்.

"பின்வாசல் இருக்கான்னு கேக்கத்தான்."

இருந்தது. ஆனால் அதற்குள் முன்வாசல் மணி அடித்துவிட்டது.

ஆறேழு பேர் ஒன்றாக உள்ளே வந்தார்கள். குடையை மடக்கிய தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. நல்ல வீட்டுப் பிள்ளைகள். உள்ளே வரும்போது செருப்பைக்கூடக் கால்மிதியில் துடைத்தார்கள். சிகப்புப் பை மாட்டியவளுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். ஒரு கையில் போன், நேரலை ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கை மணிக்கட்டில் விலைக்கு வாங்கிய நூல். அப்பாவின் துண்டைவிட நல்ல சிவப்பு.

"பீ ஒன்ஸா, வணக்கம்," என்றாள். இரண்டு கையும் கூப்ப முடியாததால் தலையை மட்டும் தாழ்த்தினாள். குரல் நடுங்கியது. அவளும் பயந்திருந்தாள், பயந்தவர்கள்தான் எதையும் செய்வார்கள். "நாங்க சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கறோம். அந்த நூலை எடுத்துடுங்க."

"எது?"

"கையில இருக்கறது. அது தாமோடது. எல்லாரும் பாக்கறாங்க. இங்கயே வெட்டிடுங்க, நாங்க போயிடறோம்."

கூட இருந்தவள் கவுண்டர் மீது ஒரு கத்தரிக்கோலை வைத்தாள். புதிது. கைப்பிடி வெளிர்ப்பச்சை. தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறார்கள்.

"இது தாமோடது இல்லம்மா," என்றேன்.

"அப்போ யாரோடது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. அப்பாவோடது, என் அப்பாவோடது, அவனோட அப்பாவோடது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அம்மா வாசலில் தொங்கும் துணி கண்ணுக்குள் ஆடியது. அதை விலக்கிக்கொண்டு ஒரு போன் உள்ளே நுழைவது தெரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பதில் சொல்ல முடியல பாருங்க," என்றாள் அவள், போனைப் பார்த்து.

"பொண்ணுங்களா, வெளிய போங்க," என்று பீ ரூங் குறுக்கே வந்தாள். "நான் சொல்றேன், போங்க. நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும் பீ. நீங்க ஏன் அவளுக்குச் சேந்து பேசறீங்க? நீங்களும் காசு வாங்கிட்டீங்களா?"

பின்கட்டிலிருந்து ஜே லிம் துடைப்பத்தோடு வந்தாள். "யாருடி நீங்கல்லாம்? என்ன வேணும்? வயித்துப்போக்கா?" ஒருத்தி அவளை மெதுவாக, மரியாதையாகத் தள்ளினாள். அவ்வளவு சின்ன உருவம் அலமாரியில் மோதி, இருமல் மருந்துப் புட்டிகள் உருண்டன.

யார் கை முதலில் என் மீது விழுந்தது என்று தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார்கள். நான் இழுத்தேன். கவுண்டர் விளிம்பு விலாவில் குத்தியது. கத்தரி திறந்தபடி என் நரம்புக்கு மேலே வந்து நின்றது. பிடித்திருந்தவளின் கை வெடவெடவென்று ஆடியது. வெட்டப்போவது நூலையா தோலையா என்று அவளுக்கே தெரியாது. இரும்பு சில்லென்று பட்டது. கூப்பிட்டு வந்த உயிர் இப்போதே கால்வழியாக இறங்கி ஓடுவது போல உடம்பு குளிர்ந்தது. நான் கெஞ்சினேன். படித்தவள், வாய்க்காரி, யாருக்கும் பணியாதவள், கெஞ்சினேன். "வெட்டாதீங்க. கையை வேணா வெட்டுங்க, நூலை வெட்டாதீங்க."

அப்போது எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. சட்டைப்பையில், பைக்குள், கைகளில். ஒரே மணி ஓசை.

அந்த ஓசை எனக்கும் தெரியும். ஸெனித் நேரலைக்கு வரும்போது அடிப்பது. அவர்கள் பழகியவர்கள், என்னைப் பிடித்திருந்த கைகளே தன்னால் கழன்று போனை நோக்கிப் போயின. சிகப்புப் பைக்காரி ஒரு கையில் கத்தரியோடு, இன்னொரு கையில் இருந்த திரையைப் பார்த்து நின்றாள். நான் அதைத் தலைகீழாகப் பார்த்தேன்.

ஒப்பனை அறைக் கண்ணாடி. சுற்றிலும் விளக்கு. டாக்டர் தீரத்தின் வெள்ளைக் கோட்டில் என் தம்பி. கையில் முடி வெட்டும் இயந்திரம்.

"அந்தக் கடையில இருக்கறவங்க கேளுங்க," என்றான். மூச்சு வாங்கியது. "கத்தரியைக் கீழ வைங்க."

நெற்றியின் நடுவில் இயந்திரத்தை வைத்து, பின்னால் இழுத்தான். டாக்டர் தீரத்தின் முடி, லட்சம் பேர் நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட ஆசைப்பட்ட முடி, கோட்டின் மேல் கற்றையாக விழுந்தது. கடைக்குள் ஒருத்தி வீறிட்டாள். கத்தரி என் கையில் பட்டபோதுகூட யாரும் இப்படி அலறவில்லை. திரைக்கு வெளியே யாரோ கதவை இடிக்கும் சத்தம், "ஸெனித்! கதவைத் திற! மூணு காட்சி பாக்கி இருக்கு!"

"என் பேரு ஸெனித் இல்ல. கியத். தவளைன்னு அர்த்தம்." இன்னொரு கோடு. "எங்கப்பா கட்டடக் கலைஞர் இல்ல, உங்க வீட்டுக்கெல்லாம் கலவை தூக்கினவரு. அவரு செத்தப்ப நான் மொட்டை போடல. தீரத்துக்கு முடி வேணும்னாங்க. இந்த நூல் அவரோட துண்டுல இருந்து எடுத்தது. எங்கம்மா முறுக்கிக் கட்டினது. அந்தக் கடையில நிக்கறது எங்கக்கா. வெயில்ல வேலை செஞ்சு படிச்சவ. அவ கையைத் தொட்டது யாரு?"

சிகப்புப் பைக்காரி கத்தரியைத் தரையில் போட்டாள்.

அவன் புருவத்தில் இயந்திரத்தை வைத்தான். ஒரு புருவம் போன முகத்தைப் பார்க்க விகாரமாக இருந்தது. அவன் சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து எழுந்த முகம். மூக்கு ஒழுகியது. கோட்டுக் கையால் துடைத்தான்.

"எங்கம்மா எங்க இருக்காங்கன்னு தேடிடுவீங்க. எனக்குத் தெரியும். தீரத்னா அழகா நாலு வார்த்தை சொல்லி உங்களைத் தடுத்திருப்பான். எனக்கு எழுதிக் குடுக்க ஆள் இல்ல. சும்மா கேக்கறேன். போகாதீங்க. தொடர் உங்களோடது, எடுத்துக்கோங்க. அம்மா என்னோடவங்க."

கதவு உடைந்தது போலச் சத்தம். திரை இருண்டது.

உருண்ட புட்டி ஒன்று அலமாரிக்கடியில் போய் நின்றது. ஜே லிம் தரையில் உட்கார்ந்தபடி, "தவளையா?" என்றாள்.

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். வெள்ளை இழை பாதி அறுந்திருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது.

ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். சிகப்புப் பைக்காரி மட்டும் நின்றாள். முகமெல்லாம் மை வழிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ... தாமுக்கு இதெல்லாம் தெரியுமா? அவர் மொட்டை போடப் போறது?"

ஓங்கி அறைந்திருப்பேன். கை தூக்க முடியவில்லை. "வெளிய போ," என்றேன். போனாள்.

தம்பியை நிறுவனம் என்ன செய்தது என்பதெல்லாம் செய்தியில் வந்தது. நான் சொல்லத் தேவையில்லை. நான் பயந்தது வேறு. நூறாம் நாளுக்கு இரண்டு பேரும் ஊருக்குப் பஸ்ஸில் போனோம். அவன் மொட்டைத் தலையில் தொப்பி இல்லை. யாரும் அவனை அடையாளம் காணவில்லை. முன் இருக்கைக்காரி மட்டும் திரும்பி, "தம்பி துறவு முடிச்சு வர்றீங்களா?" என்று கேட்டு ஒரு ஆரஞ்சு கொடுத்தாள். அவன் சந்தோஷப்பட்டான். நான் ஜன்னல் வழியாக ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாளாகக் கோயில் பெயர் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடிப்பார்கள்.

பெரிய சாலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் வெளிர்ப்பச்சைக் குடைகள் தெரிந்தன.

"கியத், குனி," என்றேன். அவன் குனியவில்லை.

மஞ்சள் மழைக்கோட்டு முதலில் தெரிந்தது. பீ ரூங் சாலையின் குறுக்கே நின்று ஒரு காரை மறித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கேமரா இல்லை. பக்கத்தில் சிகப்புப் பை. அவர்கள் எங்கள் ஊருக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றார்கள். கார்க் கண்ணாடி இறங்கியது. சிகப்புப் பைக்காரி குனிந்து சொன்னது, மெதுவாகப் போன எங்கள் பஸ்ஸுக்குள் கேட்டது.

"இங்க தீரத் இல்லீங்க. இது யாரோ ஒருத்தரோட வீட்டு விசேஷம். திரும்பிப் போங்க."

"நீ யாரு சொல்றதுக்கு?"

"நானும் உங்களை மாதிரிதான் வந்தேன். திரும்பிப் போங்க."

கார் கொஞ்ச நேரம் உறுமியது. பின்னால் வாங்கித் திரும்பியது. எங்கள் பஸ் கடந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். தம்பி கையைத் தூக்கி ஆட்டினான். அவள் போனை எடுக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அம்மா அன்று மறுபடி நூல் கட்டினாள். எனக்குக் கட்டும்போது, "கையை ஒழுங்கா நீட்டுடி," என்று அதட்டினாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காற்றில் ஆடியது. காற்றுதான். ஒவ்வொரு முறையும் காற்றுதான்.

சோறு வடித்ததும் அம்மா ஒரு கூடையில் ஒட்டரிசிச் சோறும் வறுத்த மீனும் வைத்தாள். "ரோட்ல பொண்ணுங்க காலையில இருந்து நிக்குதுங்களாமே. கொண்டுபோய்க் குடு."

"யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"எதுக்குத் தெரியணும்? பசிக்கும்ல?"

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். புது நூலை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன். திருப்பம் வந்ததும் சிகப்புப் பைக்காரி என்னைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள். நானும் இரண்டடி தள்ளியே நின்று, கூடையைத் தரையில் வைத்தேன்.